அடுப்புக்குக் கணக்கு உண்டு, கப்பலுக்குக் கணக்கு இல்லையா?

இலங்கையில் எண்ணெய்க் கிணறு இல்லை, நிலக்கரிச் சுரங்கம் இல்லை, நாட்டைக் குறுக்கறுத்து ஓடும் எரிவாயுக் குழாயும் இல்லை. ஆகவே எரிசக்தி உற்பத்தியில் கசியும் மீத்தேன் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம். நமக்கு அதில் வேலையில்லை. படித்தவர்களிடையே இந்த எண்ணம் மறுப்பாரின்றி நிலைத்துவிட்டது. இதை ஒட்டியே இன்னொன்றும் வருகிறது: நிலக்கரியையும் டீசலையும் விட்டுத் திரவ இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டால் நம் மின்சாரம் பாதி தூய்மையாகிவிடும் என்பது. நாடுவாரியான பட்டியல்களில் நம் பெயருக்கு எதிரே சின்னஞ்சிறு எண்தான் இருக்கிறது என்பது இரண்டுக்கும் சான்றாகக் காட்டப்படுகிறது. இரண்டும் பிழை. அந்தப் பிழையின் பாரம் பதுளை மாவட்டத்துத் தோட்டத்துப் பெண்களின் அடுப்படியில் இறக்கி வைக்கப்படுவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சின்னஞ்சிறு எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் எல்லைக்குள் எது கசிகிறதோ, எது எரிகிறதோ, அதை மட்டும் அந்த நாட்டின் பெயரில் எழுதுவது ஐ.நா. காலநிலைச் சமவாயத்தின் கணக்கு முறை. நம் எல்லைக்குள் சுரங்கமும் கிணறும் இல்லை. எனவே எரிசக்தித் துறை மீத்தேன் என்ற தலைப்பின் கீழ் நம் கணக்கில் பெரும்பங்காக நிற்பது வீட்டு விறகு. பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்ட லயங்களில், தேயிலைக் கவ்வாத்து முடிந்த மலையில் பொறுக்கிய மிலாறும் காய்ந்த யூக்கலிப்டஸ் கிளையும் எரிகிறதே, அதுதான் இந்த நாட்டின் எரிசக்தி மீத்தேன் என்று பதிவாகிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்காக வெளிநாட்டுச் சுரங்கத்தில் கசிந்தது நம் பக்கத்தில் இல்லை. கெரவலப்பிட்டிய மின் நிலையங்களுக்கு நாளை வாயு வந்தால், அது புறப்பட்ட கிணற்றடியில் கசிவதும் நம் பக்கத்தில் இருக்காது. கொழும்பின் குளிரூட்டிகளை ஓட்டும் எரிபொருள் கறையில்லாமல் வந்து சேர்கிறது. கொழுந்து பறிப்பவளின் சோற்றுப் பானைக்குக் கீழே எரிவது கறையாகப் பதிவாகிறது.

எண்களைக் கொண்டே பேசுவோம். வீட்டு விறகுக்கு ஐ.பி.சி.சி. வழிகாட்டி வைத்திருக்கும் பொது உமிழ்வுக் காரணி ஒரு டெராஜூலுக்கு 300 கிலோ மீத்தேன். ஒரு தொன் விறகுக்கு இது ஏறத்தாழ 4.7 கிலோ. ஒரு குடும்பம் நாளைக்கு நான்கு கிலோ விறகு எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. மீத்தேன் ஏழு கிலோ. ஒரு லயன் காம்பராவின் ஆண்டுக் கணக்கு அவ்வளவுதான்.

இப்போது நிலக்கரி. உலகச் சுரங்கங்களில் ஆண்டுக்குக் கசியும் மீத்தேன் சுமார் 4 கோடித் தொன் என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. உலகம் வெட்டியெடுக்கும் நிலக்கரியால் இதை வகுத்தால் தொன் ஒன்றுக்கு நாலரைக் கிலோ அளவில் வருகிறது. அடுப்பில் எரியும் ஒரு தொன் விறகு வெளியிடும் மீத்தேனும், எரிவதற்கு முன்பே, கப்பலில் ஏறுவதற்கும் முன்பே ஒரு தொன் நிலக்கரி வெளியிட்டுவிடும் மீத்தேனும் ஏறத்தாழ ஒரே அளவு. நுரைச்சோலை ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் எரிக்கிறது. உலகச் சராசரியை வைத்தால் 9,000 தொன் மீத்தேன். ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் குடும்பங்களின் அடுப்புக்குச் சமம். நமக்கு வரும் நிலக்கரியில் திறந்தவெளிச் சுரங்கத்துச் சரக்கும் உண்டு, அது ஆழ்சுரங்கத்தை விடக் குறைவாகவே கசியும். ஆனால் எந்தச் சுரங்கத்திலிருந்து, எவ்வளவு கசிவோடு வந்தது என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லாதபோது, குறைவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வாயுவுக்கு வருவோம். கெரவலப்பிட்டியவில் யுகதனவி 300 மெகாவாட், சோபாதனவி 350 மெகாவாட். இரண்டுமே திரவ இயற்கை வாயுவை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. வாயு வராததால் எண்ணெயில் ஓடுகின்றன. சோபாதனவி ஒன்றை மட்டும் எடுப்போம். ஆண்டின் அறுபது வீத நேரம் முழுத் திறனில் ஓடுகிறது, எரிபொருளின் பாதிச் சக்தி மின்சாரமாகிறது என்று கொண்டால், அதற்கு ஆண்டுக்கு சுமார் 265,000 தொன் வாயு தேவை. அமெரிக்காவின் எண்ணெய், வாயுச் சங்கிலியில் மொத்த உற்பத்தியின் 2.3 வீதம் கசிகிறது என்று 2018 இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த வீதத்தில் இந்த ஒரு நிலையத்துக்காக எங்கோ கசியும் மீத்தேன் 6,200 தொன். நம் அடுப்புக் கணக்கில் இது ஒன்பது இலட்சம் குடும்பங்களுக்கு நெருக்கமாக வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் தோட்டத்துறையில் வாழ்ந்தவர்களே ஏறத்தாழ 9 இலட்சம் பேர்தான். நால்வருக்கு ஒரு குடும்பம் என்றால் இரண்டேகால் இலட்சம் குடும்பங்கள். எல்லாரும் விறகையே எரித்தாலும், ஊவா, மத்திய, சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களின் அடுப்புகள் அத்தனையும் சேர்ந்து அந்த ஒரு நிலையத்தின் கசிவில் காற்பங்கைத் தாண்டாது.

இந்தக் கணக்கை எனக்கு வாய்ப்பான எண்களால் கட்டினேன் என்று சொல்லலாம். சரி, எதிர்த் திசையில் தள்ளிப் பார்ப்போம். விறகுக்கான 300 என்ற காரணிக்கு வழிகாட்டியே 100 முதல் 900 வரை இடம் விட்டிருக்கிறது. அடுப்பை மிக மோசமானதாகக் கருதி 900 வைப்போம். வாயுக் கசிவை ஒரு வீதமாகக் குறைப்போம். இரண்டையும் தோட்டத்து மக்களுக்குப் பாதகமாக வைத்த பிறகும், அந்த ஒரு நிலையத்தின் கசிவு தோட்டத்துறையின் பாதிக் குடும்பங்களுடைய அடுப்புகளை விஞ்சி நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும், நம் எல்லைக்குள் வராத எண்தான் பெரியது.

அடுப்புப் புகையை நான் நியாயப்படுத்தவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், புகைபோக்கி இல்லாத மூலையில், விடியுமுன் எழுந்து ஊதி ஊதி மூட்டும் நெருப்பு எங்கள் பெண்களின் நுரையீரலையும் கண்ணையும் தின்கிறது. அதை மாற்றவேண்டும், அவர்களுக்காகவே மாற்றவேண்டும். ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அதே மலையில், அதே மரத்து விறகுதான் தேயிலைத் தொழிற்சாலையின் உலையிலும் கொழுந்தை உலர்த்த எரிகிறது. தொழிற்சாலை உலையில் எரியும் விறகுக்கு ஐ.பி.சி.சி. வைத்திருக்கும் காரணி 30. வீட்டு அடுப்புக்கு 300. காற்றோட்டமுள்ள நல்ல உலை தேயிலைக்குக் கிடைத்தது. அதைப் பறித்தவர்களுக்கு, ஆங்கிலேயன் கட்டிய லயத்து மூலைதான் இன்னும் கிடைக்கிறது. பத்து மடங்கு வித்தியாசம் விறகால் வந்ததல்ல, வீட்டால் வந்தது. வீட்டைக் கட்டியவர்களும், கட்டித் தருவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னவர்களும் கணக்கில் வராமல், அந்த வீட்டுக்குள் இருமுபவள் மட்டும் கணக்கில் வருகிறாள்.

அவர்கள் ஏன் காஸுக்கு மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு 2022 நினைவிருக்கட்டும். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த நேரத்தில் வர்த்தமானியில் இருந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஐந்து நாள் உழைப்பைக் கொடுத்தாலும் வரிசையில் நின்றவர்களுக்குச் சிலிண்டர் கிடைத்ததா என்பது வேறு கதை. நகரத்துக் குடும்பங்களே விறகுக்குத் திரும்பிய காலம் அது. (அந்தச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், மீத்தேன் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதும் இங்கே வழக்கமாக இருக்கிறது.)

இனி, காலப்போக்கில் நாடுகளை ஒப்பிடும் வாதம். வளர்ந்த நாடுகள் 1990 முதல் எரிசக்தி மீத்தேனை வெகுவாகக் குறைத்துக் காட்டிவிட்டன, வழி அதுதான், நாமும் அவர்களைப் போல வாயுவுக்கு மாறினால் போதும் என்கிறார்கள். எப்படிக் குறைந்தது என்று பார்க்க வேண்டாமா? பிரித்தானியாவின் கடைசி ஆழ்சுரங்கமான கெலிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் மூடினால் பட்டியலில் எண் விழும். அதனோடு எரிபொருள் பசி விழுந்ததா? ஐரோப்பிய ஒன்றியம் தான் எரிக்கும் வாயுவில் ஏறத்தாழ தொண்ணூறு வீதத்தை வெளியிலிருந்து வாங்குகிறது. கசிவின் ஒரு பகுதி உண்மையிலேயே நின்றது. குழாய்கள் மாற்றப்பட்டன, சுரங்க வாயு பிடித்து எரிக்கப்பட்டது. அதை மறுக்க முடியாது. மற்றொரு பகுதி சைபீரியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் டெக்சாஸுக்கும் இடம் பெயர்ந்தது. நாடுவாரியான கோட்டுப் படம் இந்த இரண்டையும் ஒரே இறங்குமுகமாகவே வரைந்து காட்டும்.

உற்பத்தி அலகுக்கு எவ்வளவு கசிகிறது என்ற விகிதமும் இப்படித்தான் ஏமாற்றும். 2005 இலிருந்து 2023 க்குள் அமெரிக்காவின் வாயு உற்பத்தி இரண்டு மடங்காகிவிட்டது. விகிதம் பாதியாகக் குறைந்தாலும் வானத்துக்குப் போகும் அளவு அப்படியே இருக்கும். 2016 பெப்ரவரியில் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து ஷேல் வாயுவின் முதல் கப்பல் புறப்பட்டது. 2023 இல் அமெரிக்கா உலகின் மிகப் பெரிய திரவ வாயு ஏற்றுமதியாளராகிவிட்டது. 2021 செப்டெம்பரில் கெரவலப்பிட்டிய விடயத்தில் நம் அரசாங்கம் கையெழுத்திட்டதும் நியூ ஃபோர்ட்ரெஸ் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனத்தோடுதான். விலை, பங்கு, கேள்விப்பத்திர முறை எல்லாம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டன. கிணற்றடியில் எத்தனை வீதம் கசிகிறது என்பது அந்தப் பெரிய சர்ச்சையின் மையத்துக்கு ஒருநாளும் வரவில்லை.

பட்டியலின் அடித்தளமே ஆட்டம் காண்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. நாடுகள் அறிவிப்பதை விட எரிசக்தித் துறையின் உண்மையான மீத்தேன் சுமார் 70 வீதம் அதிகம் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022 இல் சொன்னது. அமெரிக்காவைப் பற்றிய 2018 ஆய்வு, அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கை விட அறுபது வீதம் கூடுதலாகக் கண்டது. நியூ மெக்சிகோவின் பேர்மியன் பகுதியில் விமானத்திலிருந்து அளந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022 இல் அறிவித்தது ஒன்பது வீதத்துக்கு மேல். எத்தனை வால்வு, எத்தனை அமுக்கி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பெருக்கி எழுதும் கணக்கில், உடைந்த ஒரு மூடியும் அணைந்துபோன ஒரு தீச்சுவாலையும் அகப்படாது. கசிவின் பெரும்பகுதியோ அப்படிப்பட்ட சில இடங்களிலிருந்துதான் வருகிறது. 2017 ஒக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் வானிலிருந்து பார்க்கத் தொடங்கிய பிறகே துர்க்மெனிஸ்தான் வயல்களின் கசிவு உலகுக்குத் தெரிந்தது. மீத்தேன்சாட் என்ற தனிச் செயற்கைக்கோள் 2024 மார்ச்சில் ஏவப்பட்டு 2025 ஜூனில் தொடர்பிழந்தது. அந்த இழப்பு பெரியது, ஏனென்றால் அறிவிப்பை அளவீட்டால் சரிபார்க்கும் கண்கள் இன்னும் சிலவே.

2022 செப்டெம்பரில் பால்டிக் கடலில் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தபோது வெளியேறிய மீத்தேன் ஏறத்தாழ 465,000 தொன் என்று பின்னாளைய அளவீடுகள் முடிவு கட்டின. இலங்கையின் அத்தனை குடும்பங்களும், கொழும்பு ஏழு உட்பட, விறகு மட்டுமே எரித்தாலும் அந்த அளவை எட்டப் பதினோரு ஆண்டுகள் ஆகும். அது சில நாட்களில் போய்விட்டது.

வளிமண்டலத்துக்கு எந்த நாட்டின் எல்லையும் தெரியாது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு 720 அளவில் இருந்த மீத்தேன் இன்று 1,900 ஐத் தாண்டி நிற்கிறது. 1999 முதல் 2006 வரை ஏறாமல் நின்றது, 2007 இலிருந்து மறுபடியும் ஏறுகிறது. சதுப்பு நிலம், மாடு, நெல்வயல், குப்பைமேடு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வளர்ந்த நாடுகளின் எரிசக்திக் கணக்குகள் இறங்கிக்கொண்டே போகும்போது காற்றில் உள்ளது ஏறிக்கொண்டே போனால், சந்தேகப்பட வேண்டியது காற்றை அல்ல.

தூய எரிபொருள் என்ற பேச்சும் இந்த இடத்தில்தான் உடைகிறது. எரியும்போது வாயு நிலக்கரியின் பாதி அளவு காபனீரொட்சைட்டைத்தான் விடுகிறது, உண்மை. எரியாமல் தப்பிய மீத்தேனோ இருபதாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வழியில் மூன்று வீதத்துக்குச் சற்று மேல் கசிந்தாலே புதிய வாயு நிலையம் நிலக்கரி நிலையத்தை விட நல்லது என்ற வாதம் குறுங்காலத்தில் விழுந்துவிடும் என்று 2012 இலேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். நோர்வேயின் வாயு அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது; துர்க்மெனிஸ்தானும் வெனிசுவேலாவும் கடைசி வரிசையில். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு வித்தியாசமுள்ள ஒரு பொருளுக்குத் ‘தூயது’ என்று ஒரே பெயர் சூட்டி, ஊர் பேர் கேட்காமல் இறக்குமதி செய்வதை நான் கொள்கை என்று ஏற்க மாட்டேன். மன்னார்ப் படுகையில் 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் கண்ட வாயுவை நாளை எடுப்பதாக இருந்தாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கவேண்டும்.

எங்கோ டெக்சாஸில் கசிவதை நம் பெயரில் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்கள் பண்டாரவளைக்கு வரட்டும். உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 இறுதியில் நீர் பீறிட்டபோது, மேலே இருந்த ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. அந்தத் திட்டம் 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி முன்னிலையில் திறந்து வைக்கப்பட்டது. 120 மெகாவாட் தேசிய மின்கட்டமைப்புக்குப் போகிறது. மின்சாரம் எல்லாருக்கும், கசிவு மட்டும் ஊவாவுக்கு. அது அநியாயம் என்று நாம் சொன்னோம், இன்னும் சொல்கிறோம். அப்படியானால், நாம் எரிக்கப்போகும் வாயு இன்னொருவர் ஊரில் கசியும்போது, அது அவர்கள் கணக்கு என்று ஒதுங்குவதற்கு நமக்கு வாய் எங்கே இருக்கிறது?

அந்தக் கசிவு கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு பாகை வெப்பம் ஏறினால் காற்று ஏழு வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அது மழையாக இறங்கும்போது முதலில் நனைவது சரிவில் நிற்கும் லயம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்மேடு லயங்களை மூடியதற்கு முன், அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மண்சரிவுகளால் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஒரு குறிப்பிட்ட சரிவை ஒரு குறிப்பிட்ட வாயுவின் தலையில் கட்ட முடியாது, நான் கட்டவும் இல்லை. ஆனால் மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே தங்குகிறது. இன்று கசிவை அடைத்தால், இன்றைக்குத் தோட்டப் பாடசாலையில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை உயர்தரம் முடிப்பதற்குள் பலன் தெரியும். காபனீரொட்சைட்டில் இவ்வளவு விரைவான வாய்ப்பு கிடையாது. சரிவில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரிது.

ஐ.நா. கணக்கு முறையை இலங்கை மாற்ற முடியாது, இரு நாடும் எழுதினால் ஒன்றையே இரு முறை எண்ணியதாகும் என்ற மறுப்பு வரும். மாற்ற வேண்டாம். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில், இந்நாடு எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் வெளியே எவ்வளவு கசிந்தது என்று நம்முடைய பயனுக்காக எழுதுவதை எந்தச் சமவாயமும் தடுக்கவில்லை. அப்படியொரு பக்கம் இருந்தால், 2030 க்குள் எழுபது வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து என்ற இலக்குக்கும் வாயுவுக்கு ஒதுக்கும் பணத்துக்கும் இடையே எது முந்தவேண்டும் என்பது வேறு விதமாகத் தெரியும். தோட்டத்து அடுப்புக்குரிய பணம் காலநிலை நிதியின் தயவை எதிர்பார்க்காமல், வீடமைப்புத் திட்டத்தில், புகைபோக்கியுள்ள குசினியாகவும் மின்னிணைப்பாகவும் நேரே வரவேண்டும் என்பதும் அப்போது தெளிவாகும்.

நாம் சின்ன வாடிக்கையாளர், விற்பவனிடம் நிபந்தனை போட முடியாது என்பது கடைசிச் சாக்கு. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் உலக மீத்தேன் உறுதிமொழி தொடங்கியபோது இது ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். இன்று அப்படியல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம், 2027 முதல் தனக்கு வாயு விற்பவர்கள் கிணற்றடியிலேயே கசிவை அளந்து, சரிபார்த்துக் காட்டவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஜப்பானின் ஜெரா நிறுவனமும் கொரியாவின் கோகாஸ் நிறுவனமும் 2023 முதல் தாம் வாங்கும் வாயுவின் கசிவு விவரத்தை விற்பவர்களிடம் கேட்டு வாங்குகின்றன. அளவீட்டுத் தாள் பெரிய வாடிக்கையாளர்களுக்காக ஏற்கெனவே தயாராகிறது. மின்சாரத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனங்களும் அமைச்சும் அடுத்த நிலக்கரிக் கேள்விப்பத்திரத்திலும் முதலாவது வாயு ஒப்பந்தத்திலும் ஒரு வாசகம் சேர்த்தால் போதும்: அந்தத் தாளின் பிரதியொன்று எமக்கும் தரப்படவேண்டும், தராதவரின் விலைமனு திறக்கப்பட மாட்டாது.